மேஜிக் மாமா மறைந்த நாள்

மறைந்தவர் காலை எட்டரை மணிக்கு அச்சகத்துக்கு வந்து, உட்கார ஒரு நாற்காலி கேட்டார்.

கமா அக்கா அப்போதுதான் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வந்தவர் வெறும் கறுப்புக் கோட்டாகத்தான் தெரிந்தார். மாட்டிக்கொண்டு பார்த்தால், மேஜிக் மாமா.

"வாங்க மாமா. என்ன, காலங்காத்தாலயே?"

"ஒண்ணுமில்லம்மா." மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "இன்னைக்கு நான் செத்துப்போயிட்டேன்னு உங்க கேலண்டர் சொல்லுது. அதான், உண்மையான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். அச்சகத்தின் தினசரிக் கேலண்டரில் அன்று கிழித்த தாள். தேதிக்குக் கீழே வழக்கம்போல 'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பு. அதன்கீழே இரண்டு வரிகள்.

உலகத்தில்: தொலைபேசியில் முதன்முதலாகக் குரல் கேட்ட நாள்.

ஊரில்: மேஜிக் மாமா மறைந்த நாள்.

கமா அக்கா இரண்டாவது வரியை ஒருமுறை படித்தார். எழுத்துப்பிழை இல்லை. ஒற்று சரியாக இருந்தது. முற்றுப்புள்ளியும் இருந்தது. பிழை இல்லாத ஒரு வரி இவ்வளவு பெரிய தப்பாக இருக்க முடியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா அந்த அச்சகத்தின் பிழைதிருத்துநர். திருமண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவில் கமா வைக்கலாமா என்று அரைநாள் யோசித்ததால் வந்த பெயர்தான் 'கமா அக்கா'. 'வரலாற்றில் இன்று' வரிகளைச் சேகரிப்பதும் அவர் பொறுப்பு. உலக வரிகள் புத்தகங்களில் கிடைத்துவிடும். ஊர் வரிகளுக்குத்தான் அலைய வேண்டும். முதல் தெருவிளக்கு எரிந்த நாள், ஆற்றுப்பாலத்தில் முதல் பேருந்து நடுவழியில் நின்ற நாள், தபால் நிலையத்தின் கூரை பறந்த நாள் என்று வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்திருந்தார்.

அப்படிச் சேர்த்ததுதான் இதுவும். மேஜிக் மாமா இளைஞராக இருந்தபோது, நகரமன்ற மேடையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெட்டிக்குள் போனார். பெட்டியைத் திறந்தால் ஆள் இல்லை. அரங்கத்தின் பின்கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தார். ஊர் அதைப் பற்றி வருஷக்கணக்கில் பேசியது.

அக்கா அதை அழகாக, நீளமாக எழுதிக் கொடுத்திருந்தார். முதலாளிதான், "என்னம்மா இது, தேதிக்கே இடமில்லாம போயிடும் போலருக்கு. மனுஷன் நிலாவுல கால் வச்சதே ஒரு வரியில அடங்குது. மாமா பெட்டிக்குள்ள போனது அடங்காதா?" என்றார். வருஷக்கடைசி அவசரம். அக்கா எல்லா வரிகளையும் உட்கார்ந்து வெட்டினார். எதை வெட்டினோம், எதை விட்டோம் என்பது இப்போது அவருக்கே நினைவில்லை. ஆனால் அந்த அச்சகத்தில் சொற்களை வெட்டுகிறவர் ஒருவர்தான். ஆகவே 'மேடையில்' என்ற சொல்லை வெட்டியவரும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"மாமா," என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "'மேடையில்'னு ஒரு சொல் விட்டுப்போச்சு மாமா. மேடையில் மறைந்த நாள்னு இருக்கணும்."

"ஒரே ஒரு சொல்தானா?"

"ஒரே ஒரு சொல்தான்."

"அதுக்கே பால்காரர் இன்னைக்குப் பாதிப் பால்தான் ஊத்தினார்மா. ஏன்யான்னு கேட்டா, 'வீட்ல ஒரு ஆள் குறைஞ்சாச்சே'ங்கறார். பாத்திரத்தப் புடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்."

அக்கா தலைகுனிந்தார்.

"எதிர்த்தாப்புல டெய்லர் கடையச் சாத்திட்டு ஓடிவந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டார். 'எப்ப ஆச்சு?'ன்னு கேக்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்னு சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். முகத்தில் துக்கம். தன் அச்சகத்தில் அடித்த கேலண்டரைத் தானே கிழித்து, தானே படித்து, தானே நம்பிவிட்டு வந்திருந்தார். அவ்வளவு தொழில்பக்தி.

"கேட்டியாம்மா, நம்ம மேஜிக் மாமா போயிட்டாராம். என்ன மாதிரி மனுஷன். காலைல சாப்பாடே இறங்கல. நம்ம அச்சகத்துப் பேர்ல ஒரு மலர்வளையம் சொல்லிடு, கொஞ்சம் பெரிசாவே..."

நாற்காலி திரும்பியது. முதலாளி மாமாவைப் பார்த்தார். வாய் தொடங்கிய வாக்கியத்தை நிறுத்தத் தெரியாமல், "பெரிசாவே சொல்லிடலாம் மாமா, உங்களுக்குன்னா," என்று அவரிடமே முடித்தார்.

விஷயத்தைக் கேட்டதும் முதலாளி நெற்றியைத் தேய்த்தார். அந்த அச்சகம் ஓடுவதே கேலண்டரால்தான். ஊரில் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு அதுதான் தொங்கியது. உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்த கேலண்டர் என்று பெயர் வந்தால், அடுத்த வருஷம் யார் சுவரில் ஆணி அடிப்பார்கள்?

"பதறாதீங்க. சின்ன விஷயம். போன் வந்தா உண்மையச் சொல்லிடுவோம். மாமா, நீங்க தெருவுல கொஞ்சம் நடமாடுங்க. நாலு பேர் பாத்தா தானா அடங்கிடும்."

மாமா நடமாடக் கிளம்பினார். போன் உடனே அடித்தது. அக்கா எடுத்தார்.

"மேஜிக் மாமா மறைஞ்சது..." என்று ஒரு பெண்குரல் தழுதழுத்தது.

"அதெல்லாம் இல்லைங்க. அவர் இங்கதான் இருந்தார், இவ்வளவு நேரமும் எங்க அச்சகத்துலதான் இருந்தார்."

"ஐயோ பாவம், அங்கதான் வச்சிருந்தீங்களா? இப்ப எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலைங்க. அவரா எழுந்து நடந்து போயிட்டார்."

"அழுது அழுது உங்களுக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. கொஞ்சம் தண்ணி குடிங்க," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தார்.

அடுத்து அழைத்தவரிடம் அக்கா இன்னும் தெளிவாகப் பேசினார். அதற்கடுத்தவரிடம் அதைவிடத் தெளிவாக. தெளிவு கூடக் கூட ஊருக்கு ஒரே ஒரு சேதி போய்ச் சேர்ந்தது: மாமாவை அச்சகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பத்து மணிவாக்கில் முதல் மலர்வளையம் வந்தது. கொண்டுவந்தவர் உள்ளே எட்டிப்பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, துணி போர்த்திய காகிதக் கட்டுக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். முதலாளி தடுக்கப் போக, வந்தவர் முதலாளியின் தோளில் தட்டி ஆறுதல் சொல்ல, இரண்டு பேருமாகச் சிறிது நேரம் நின்றார்கள்.

நடமாடப் போன மாமாவும் திரும்பி வந்தார்.

"எப்படி மாமா? எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. காய்கறிக் கடைக்காரர் என்னப் பாத்துட்டுக் கடைய விட்டுட்டு ஓடிட்டார். ஒருத்தர் சைக்கிளோட சாக்கடையில இறங்கிட்டார். நான்தான் கைகொடுத்துத் தூக்கிவிடலாம்னு போனேன். வேணாம்னு அங்கயே உக்காந்துட்டார்."

"நடமாட்டத்த நிறுத்திடுவோம்," என்றார் முதலாளி. "மறுப்பு போட்டுடலாம். பெரிய எழுத்துல சுவரொட்டி. மத்தியானத்துக்குள்ள ஊர் பூரா ஒட்டிடலாம். எழுதும்மா."

அக்கா பேனாவைத் திறந்தார். மறைந்ததாகச் சொன்னது தப்பு. ஆகவே மறையவில்லை என்று சொல்ல வேண்டும். இதில் குழப்பத்துக்கே இடமில்லை. சுருக்கமாக, ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினார்:

'மேஜிக் மாமா மறையவில்லை.'

அதைக் கணினியில் அமர்ந்திருந்த ஹெட்போனிடம் கொடுத்தார். பக்கங்களை வடிவமைக்கிறவர் அவர். காலையில் காதில் மாட்டுகிற ஹெட்போனை மாலையில் வீட்டுக்குப் போகும்போதுதான் கழற்றுவார். அச்சகம் தீப்பிடித்தாலும், தீ என்று எழுதிக் கொடுத்தால்தான் அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் எத்தனை பிரதி என்றுதான் கேட்பார். வாங்கினார், அடித்தார், கொடுத்தார்.

சுவரொட்டி ஊர் முழுக்க ஏறியது. போன் சட்டென்று அடங்கியது. அக்கா அன்று முதன்முறையாக ஒரு வாய் டீ குடித்தார்.

டீ பாதியில் இருந்தபோது டெய்லர் வந்தார். கழுத்தில் அளவுநாடா. கையில் சுவரிலிருந்து பிய்த்த சுவரொட்டி. அவருக்குப் பின்னால் இன்னும் சில பேர்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்," என்றார் அக்கா.

"மறையலையா? அன்னைக்கு மாமா மறையவே இல்லையா? நான் முதல் வரிசையில உக்காந்திருந்தேன். என் கண்ணால பாத்தேன். எம் பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கேன், பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கேன். துணி தைக்க வர்றவங்க எல்லாருக்கும் அளவு எடுக்கறப்ப சொல்லியிருக்கேன். இப்ப எல்லாரும் சிரிக்கறாங்க. ஏமாத்து வேலைன்னு கேலண்டர்காரங்களே போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டாங்களாம்."

"ஐயோ, அந்த மறையலை இல்லைங்க. இது வேற மறையலை."

"எத்தனை மறையலை இருக்கு?"

கூட்டத்தின் பின்னாலிருந்து மேஜிக் மாமா முன்னே வந்தார். காலையில் செத்துப்போனதைச் சொல்ல வந்தபோதுகூட அவர் முகம் இப்படி வாடியிருக்கவில்லை.

"செத்துட்டேன்னு போட்டீங்க. சரி, ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் நடக்கறதுதானேன்னு பொறுத்துக்கிட்டேன். மறையவே இல்லைன்னு போட்டுட்டீங்களேம்மா. நான் வாழ்க்கையில செஞ்சதே அந்த ஒண்ணுதான்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். டீ ஆறிப்போயிற்று.

அந்த இடத்தில்தான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. அவருக்கு வரும் யோசனைகள் எல்லாம் பெரும்பாலும் அடுத்தவர் செய்ய வேண்டியவையாகவே இருக்கும்.

"மாமா, ஒரே வழிதான். இன்னைக்குச் சாயங்காலம் நகரமன்றத்துல இன்னொரு தடவை மறைஞ்சு காட்டிடுங்க. உயிரோட இருக்கீங்கன்னும் தெரிஞ்சுடும், அன்னைக்கு மறைஞ்சது நிஜம்னும் தெரிஞ்சுடும்."

"அதெல்லாம் முடியாது," என்றார் மாமா. "மேடை ஏறி எவ்வளவு காலமாச்சு. யாரும் கூப்பிடறதில்ல, நானும் விட்டுட்டேன். இந்த முழங்கால் மடங்காது. பெட்டி பரண்ல கிடந்துச்சு, இப்ப எந்த நிலைமையில இருக்கோ."

"மாமா, எனக்காக," என்றார் அக்கா. "என்னாலதானே இவ்வளவும்."

மாமா மோட்டுவளையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நீ இவ்வளவு சொல்றதால வீட்ல கேட்டுப் பாக்கறேன்மா. எனக்கு இதுல இஷ்டமே இல்ல."

அக்கா அவரோடு வீட்டுக்குப் போனார். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கத் தேவையிருக்கவில்லை. அது கூடத்தின் நடுவில் கிடந்தது. அதன்மேல் நான்கு பேர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"துக்கம் கேக்க வந்தவங்க," என்றார் மாமாவின் மனைவி. "நாற்காலி பத்தல."

நால்வரும் மாமாவைப் பார்த்து மரியாதையாக எழுந்தார்கள். அதில் ஒருவர் பழக்கதோஷத்தில், "ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றார். மாமா, "வாங்க, வாங்க," என்றார்.

பெட்டியோடு மேடையில் ஒரு பெண் நிற்க வேண்டும். அதைத் திறக்க, மூட, சுற்றிவிட, கையை நீட்டிப் புன்னகைக்க. அந்தக் காலத்தில் அது மாமாவின் மனைவி.

"என்னால ஆகாது," என்றார் அவர். "காலையிலேருந்து ஊர்ல பாதிப்பேர் என்னைக் கட்டிப்புடிச்சு அழுதிருக்காங்க. சாயங்காலம் மினுமினுப்புச் சட்டை போட்டுக்கிட்டு நான் பல்லைக் காட்டிட்டு நின்னா நல்லா இருக்குமா? நீயே நில்லும்மா. சட்டை உனக்குச் சரியா இருக்கும்."

சட்டை சரியாக இல்லை. டெய்லர் வந்து, அளவு எடுத்து, அளவு எடுக்கும்போது தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லி, பக்கவாட்டில் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்.

இதற்குள் முதலாளி நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி அடித்து ஒட்டிவிட்டார். அக்கா பக்கத்தில் இல்லாததால் தானே எழுதி, ஹெட்போனிடம் நேராகக் கொடுத்துவிட்டார். நகரமன்ற வாசலில் வந்து இறங்கியபோதுதான் அக்கா அதைப் படித்தார்:

'மறைந்த மேஜிக் மாமா இன்று மாலை ஆறு மணிக்கு நம்மிடையே தோன்றுவார். அனைவரும் வருக.'

அனைவரும் வந்திருந்தார்கள். நகரமன்றம் அப்படி நிரம்பி யாரும் பார்த்ததில்லை. படியில், ஜன்னல் விளிம்பில், வெளியே மதில்மேல் எல்லாம் ஆட்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், மேஜிக் பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம், ஆவி பார்க்க வந்தவர்கள் நடுவில். காய்கறிக் கடைக்காரர் கதவுக்கு மிக அருகில் இடம் பிடித்திருந்தார்.

நகரமன்றத் தலைவரிடம் காலையிலேயே யாரோ அனுதாபக் கூட்டம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் மத்தியானம் முழுக்க அறையைச் சாத்திக்கொண்டு உரை தயார் செய்திருந்தார். விஷயம் மாறிவிட்டது என்று அக்கா மேடை ஓரத்தில் கைகூப்பிச் சொன்னார்.

"அப்படியா, சந்தோஷம்," என்றார் தலைவர். "ஆனா நான் தயார் பண்ணினது இதைத்தான்." மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

மாமா விட்டுச்சென்ற இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்றார். இருந்தபோது நாம் அவரைக் கொண்டாடவில்லை, இல்லாதபோது தேடுகிறோம் என்றார். சபையில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. திரைக்குப் பின்னால் நின்ற மாமாவும் கைக்குட்டையை எடுத்தார்.

"நிறுத்தச் சொல்லட்டுமா மாமா?" என்றார் அக்கா.

"வேணாம்மா. நல்லாத்தான் பேசறார். முடிக்கட்டும்."

உரையை முடித்த தலைவர், யாரும் எதிர்பாராமல், மௌன அஞ்சலி என்று அறிவித்துத் தலைகுனிந்தார். சபை எழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவும் மினுமினுப்புச் சட்டையில் தலைகுனிந்து நின்றார். அந்த மௌனத்தின் நடுவில் திரை விலக, கறுப்புக் கோட்டில் மேஜிக் மாமா நின்றார்.

முதலில் டெய்லர் கைதட்டினார். பிறகு எல்லாரும். காய்கறிக் கடைக்காரர் வெளியே போய்விட்டு, சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

மாமா குனிந்து வணங்கினார். பெட்டியைத் தட்டிக் காட்டினார். உள்ளே காலை வைத்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தவர்களிடம் முழங்கால் வலி உள்ளவர் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். அக்கா மூடினார். சுற்றினார். புன்னகை என்று தான் நினைத்த ஒன்றை முகத்தில் கொண்டுவந்து, கையை நீட்டி, பெட்டியை ஒரு விரல் அளவு திறந்தார்.

உள்ளேயிருந்து மாமா அவரைப் பார்த்தார். "இன்னும் இல்லம்மா. மூடு," என்றார்.

அக்கா மூடினார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் ஒருவர், "மறையவில்லை," என்று சுவரொட்டியின் எழுத்துநடையிலேயே சத்தமாகப் படித்தார். சிரிப்பு பரவியது. பெட்டிக்குள்ளிருந்து முனகலும், ஏதோ இடிபடும் ஓசையும் கேட்டன. முதலாளி பக்கவாட்டிலிருந்து, பேசு, பேசு என்று சைகை காட்டினார்.

அக்கா மைக்கைப் பிடித்தார். அவர் வாழ்நாளில் மைக்கில் பேசியதில்லை. அடுத்தவர் எழுதியதைத் திருத்தித்தான் பழக்கம்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அச்சகத்துல பிழைதிருத்தறவ. காலையிலேருந்து நடந்த கூத்துக்கெல்லாம் நான்தான் காரணம். 'மேடையில் மறைந்த நாள்'னு இருக்கணும். 'மேடையில்'ங்கறத நான் வெட்டிட்டேன். அதுல மாமாவ உயிரோட சாகடிச்சுட்டேன். சரிபண்றேன்னு கிளம்பி, அவர் செஞ்சதையே பொய்யாக்கிட்டேன். கமா வைக்கணுமான்னு அரைநாள் யோசிக்கறவ, ஒரு மனுஷனோட பேரப் பத்தி அரை நிமிஷம் யோசிக்கல. தப்பு என்னோடது. அவர் மேல ஒண்ணுமில்ல."

சிரிப்பு நின்றது. டெய்லர் எழுந்தார்.

"அப்ப அன்னைக்கு மாமா மறைஞ்சது நிஜம்தானே?"

"நிஜம்தாங்க," என்று சொல்லிவிட்டு, ஏதோ ஒரு தைரியத்தில் அக்கா பெட்டியை முழுசாகத் திறந்தார்.

பெட்டி காலி.

கைதட்டல் கூரையைத் தொட்டது. டெய்லர் பின்னால் திரும்பி, "பாத்தியா, பாத்தியா," என்று தனக்குத் தெரியாத ஒருவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். கைதட்டல் ஓய்ந்தது. எல்லாத் தலைகளும் பின்கதவுப் பக்கம் திரும்பின. கதவு திறக்கவில்லை. இன்னும் திறக்கவில்லை. நகரமன்றத் தலைவர் சட்டைப்பையிலிருந்து உரையை மறுபடி வெளியே எடுத்தார்.

பிறகு கதவு திறந்தது. மேஜிக் மாமா கையில் ஒரு டீ டம்ளரோடு, சூடு ஆறட்டும் என்று ஊதிக்கொண்டே உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைச் சொல்லி முடியாது. மாமாவைத் தோளில் தூக்கினார்கள். கொண்டுவந்த மலர்வளையங்களை வீணாக்க மனமில்லாமல் அவர் கழுத்திலேயே போட்டார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு மாமாவின் நிகழ்ச்சி வேண்டும் என்று தலைமையாசிரியை வரிசையில் நின்றார். மருத்துவமனைக்காரர்கள், கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள், நாலைந்து கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாரும் தேதி கேட்டார்கள். மாமாவின் மனைவி எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியைச் சுற்றியும் கூட்டம். அடுத்த வருஷக் கேலண்டர் எப்போது வரும் என்று மார்ச் மாதத்திலேயே கேட்கும் ஊரை அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

கூட்டம் குறைந்ததும் அக்கா மாமாவிடம் போனார்.

"என்னை மன்னிச்சுடுங்க மாமா."

மாமா மூன்று மலர்வளையங்களுக்குள்ளிருந்து கையை எடுத்து அவர் தலையில் வைத்தார்.

"விடும்மா. மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். நான் அப்பவே மறந்துட்டேன். நீயும் மனசுல வச்சுக்காத."

இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று வீடு போகும்வரை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். இனி எந்த வரியில் எந்தச் சொல்லை வெட்டினாலும், வெட்டிய பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். மறுநாள் காலை அச்சகத்துக்கு வந்ததும் அதையே முதலாளியிடமும் கண்டிப்பாகச் சொன்னார். முதலாளி ஒத்துக்கொண்டார்.

அப்போது கணினிப் பக்கம் ஒரு அசைவு தெரிந்தது. ஹெட்போன் தன் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு காது இருப்பதை அக்கா அன்றுதான் பார்த்தார்.

"அக்கா, மேஜிக் மாமா விடியறதுக்குள்ள என் வீட்டுக்கே வந்து அடுத்த வருஷத்துக்கு 'மேடையில் மறுபடி மறைந்த நாள்'னு ஒரு வரி குடுத்துட்டு, போன தடவை மாதிரியே உங்களுக்குத் தெரியாம அந்த 'மேடையில்'ங்கறத எடுத்துடச் சொல்லிட்டுப் போனார், எடுத்துடவா?"